மலைமேல் வாசல் நட்ட தங்கமாயன் அண்ணன்

செய்தி வந்த நேரத்தில் நான் ஆனையூரில் ஒரு வீட்டு மாடியில் நின்று, கம்பி கட்டுகிறவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் மதினி, தங்கமாயன் அண்ணனின் மனைவி. "தாயி, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாக. எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்கிறாக" என்றார். எனக்கு இருந்த எரிச்சலில், "மூஞ்சில தண்ணியத் தெளிங்க மதினி, பட்டப்பகல்ல என்ன தூக்கம் வேண்டிக் கெடக்கு" என்று சொல்லிவிட்டேன். மதினி அழவில்லை. "தெளிச்சுட்டேன் தாயி" என்றார். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. மாடியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

உங்களில் பலரும் மறுநாள் எழுமலைக்கு வந்திருந்தீர்கள். வராதவர்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன். அண்ணன் எழுமலையில் பழைய வாசல் நிலை, கதவு, ஜன்னல் விற்றவர். மதுரைக்குள் எந்தப் பழைய வீட்டை இடித்தாலும் முதல் தகவல் அவருக்குத்தான் போகும். மினி லாரியோடு வந்து நின்றுவிடுவார். நான் வீட்டு வரைபடம் போட்டுக்கொடுத்து வேலையையும் மேற்பார்வை பார்ப்பவள். நல்ல தேக்கு நிலை வேண்டுமென்றால் எனக்கு அவரே கதி. பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது, சண்டையும் அன்றைக்கே ஆரம்பித்தது. நான் ஏழடியில் நிலை கேட்டால் ஆறடியில் ஒன்றைக் காட்டி, "குனிஞ்சு போனா என்னா தாயி, கொறஞ்சா போயிருவோம்?" என்பார்.

அவருடைய கடை என்பது வேலி போட்ட ஒரு புஞ்சை நிலம். நடுவில் புளியமரம், அதனடியில் கயிற்றுக் கட்டில். கட்டிலைச் சுற்றி நிலைகளாக நிற்கும். ஒன்றில் மஞ்சள் பூசிய கறை இருக்கும். இன்னொன்றில் யார் வீட்டுப் பிள்ளையையோ நிறுத்தி உயரம் பார்த்த கீறல் இருக்கும். மத்தியானம் அந்த வாசல்களுக்கு நடுவில் படுத்துத் தூங்குவார். எந்த நிலைக்குப் பக்கத்தில் தலைவைத்துப் படுக்கிறாரோ அந்த வீட்டுக் கனவு வரும் என்பார். "நேத்து எவுக வீட்டுக்குள்ளயோ போயிட்டு வந்தேன் தாயி. அடுப்படியில தோசை சுட்டுக்கிட்டிருந்தாக. என்னையப் பாத்து, கைய கழுவிட்டு வாங்கன்னாக. அதுக்குள்ள உங்க மதினி எழுப்பிவிட்டுட்டா." நான் சிரித்தால் கோபித்துக்கொள்வார். அந்தத் தோசை கிடைக்காத வருத்தம் அவர் முகத்தில் உண்மையாகவே இருக்கும்.

போன வாரம் மதுரையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அவரை 'மலைமக்களின் காவலர்' என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் கேட்டிருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடியிருப்பார். மேடையில் பேசினவர் ஒருதரமாவது அந்த மலை ஏறியிருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுமலையில் நின்றால் மேற்கே நீலமாக மலை தெரியும். அதன் இடுப்பில் மூங்கில்பாறை என்று ஓர் ஊர் இருக்கிறது. சாலை கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் அந்த மலையில் மழை மொத்தமாகக் கொட்டியது. கீழே எங்களுக்கு அன்று நல்ல வெயில். வருஷக்கணக்காக மணலும் கருவேலமுமாகக் கிடந்த ஓடையில் செக்கச்செவேலென்று புதுத் தண்ணீர் இறங்கி வந்தது. வறண்ட காட்டுக்காரர்களுக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறென்ன? குலவை போட்டார்கள். ஓடைக்கரைக்கு ஓடி, பூப்போட்டுக் கும்பிட்டார்கள். அண்ணனும் கும்பிட்டுக்கொண்டு நின்றவர்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு கதவு மிதந்து வந்தது. கதவென்றால் அவருக்குச் சொல்லவா வேண்டும்? முதலில் பார்த்தவர் அவர்தான். "ஏய், குலவைய நிப்பாட்டுங்க! மேல ஊரு போச்சு!" என்று கத்தினாராம். 

மூங்கில்பாறையில் ஒரு வீடு மிஞ்சவில்லை. ஆட்கள் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். ஒருவர் தவிர. பேச்சி என்கிற பெண்ணின் கணவர், பட்டியில் அடைத்திருந்த ஆடுகளைத் திறந்துவிடப் போனவர், திரும்பவில்லை. எவ்வளவு தேடியும் உடல் கிடைக்கவில்லை.

தப்பியவர்களை அடிவாரத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தங்க வைத்தார்கள். பிஸ்கட்டும் சேலையும் வந்து குவிந்தன. அண்ணன் மட்டும் வந்தவர்களிடமெல்லாம் வீடு, வீடு என்றே பேசினார். கடைசியில் நாங்கள் சிலர் சேர்ந்தோம். சிமெண்ட்டும் ஓடும் தர ஆட்கள் கிடைத்தார்கள். நான் படம் போட்டேன். இடம் பார்க்க அண்ணன் மேலே போனார்.

அங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. ஒரு குடம் தண்ணீருக்குக் காத வழி நடந்த தாய்மாருக்குப் பிறந்தவர்கள் நாங்கள். மலையில் போய் இடம் பார்க்கச் சொன்னால் எங்கே பார்ப்போம்? ஓடையோரம் சமதளமாக ஓர் இடம். பளிங்கு போலத் தண்ணீர் ஓடுகிறது. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "தாயி, அடுப்படியில நின்னுக்கிட்டே தண்ணி மோந்துக்கிரலாம்" என்று கைப்பேசியில் சொன்னார். வரிசையாக அஸ்திவாரக் குழி தோண்டினோம். மலைக்காரர்களும் வந்து, ஒன்றும் சொல்லாமல், எங்களோடு மண்வெட்டி பிடித்தார்கள். உதவி செய்ய வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் அவர்களுக்கு. சாயங்காலமானால் ஓர் ஆள் மிச்சமில்லாமல் அடிவாரத்துக்கு இறங்கிப் போய்விடுவார்கள். மேலே வந்து ஒரு பொழுதுகூடத் தங்கவில்லை.

வாய்விட்டுச் சொன்னது பேச்சிதான். "அண்ணே, தண்ணி பக்கத்துல வேணும்னு உங்க ஊர்ல ஆசை. எங்களுக்கு அது எட்டக்கவே இருக்கட்டும்ணே." 

அண்ணன் அந்தக் குழிமேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "வெள்ளம் வந்தா ஓடித் தப்பிச்சிரலாம். என்னைய மாதிரி உதவி பண்ண வர்றவன்கிட்டருந்து எங்கிட்டுப் போயித் தப்பிக்க?" என்றார். மறுநாள் நாங்களே அத்தனை குழிகளையும் மூடினோம். வயிற்றெரிச்சலில் நான் அவரை ஏசிய ஏச்சுக்கு அளவில்லை. அவர் பாட்டுக்கு மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்த யோசனை வந்தது. நம் பக்கம் அஸ்திவாரம் போட்டு, அப்புறம் நாள் பார்த்து நிலை வைப்போம். அண்ணன் அதைத் தலைகீழாக்கினார். தன் புஞ்சையில் இருந்த நிலைகளில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். மேலே கொண்டுபோய் எங்கே வேண்டுமோ, எந்தத் திசையில் வேண்டுமோ, முட்டுக்கொடுத்து அவரவர் கையாலேயே நிறுத்த வேண்டும். சுவரெல்லாம் அப்புறம். நான் வாஸ்து, மட்டம், ஒழுங்கு என்று குதித்தேன். "தாயி, வாசல் அவுக வைக்கட்டும். சொவரு நம்ம வைப்போம். வாசலையும் நம்மளே வச்சா அது சத்திரம்" என்றார். நான் இன்னும் கத்தினேன்.

நிலைகள் மலை ஏறிய காலையை நான் மறக்க முடியாது. பங்குனி மாதம். பாதை முழுக்க மூடுபனி. நாங்கள் முன்னால் ஏறிப் போய்த் திரும்பிப் பார்த்தோம். ஆட்கள் தெரியவில்லை. வெண்மைக்குள்ளிருந்து வாசல்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்துகொண்டிருந்தன. மாசி வீதிப் பக்கத்து வீட்டு வாசல், அழகர்கோவில் சாலையில் இடித்த ஒரு பங்களாவின் வாசல், எழுமலையிலேயே ஒரு டீக்கடையின் வாசல். மேலே இலவ மரங்களில் காய் வெடித்துப் பஞ்சு பறந்தது. ஒவ்வொரு வாசலுக்குள்ளும் பஞ்சு நுழைந்து மறுபக்கம் போனது. அண்ணன் பாறையில் உட்கார்ந்து, தூக்கத்தில் இருப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாருக்கும் தெரியுதா தாயி, இல்ல எனக்கு மட்டுந்தானா?" என்று மெதுவாகக் கேட்டார். தெரிகிறது என்றேன்.

ஓடைக்கு வெகு தூரத்தில், மேட்டில், நிலைகள் நின்றன. ஒன்று வடக்கே பார்க்கிறது, ஒன்று பாறையைப் பார்க்கிறது, உடன்பிறந்த இருவரின் வாசல்கள் ஒன்றையொன்று பார்க்கின்றன. சிலர் நிறுத்திவிட்டு இரண்டு நாள் கழித்துப் பிடுங்கி இடம் மாற்றினார்கள். சுவரே இல்லாத அந்த வீடுகளுக்குள் அவர்கள் வாழ ஆரம்பித்துவிட்டார்கள். அடுப்பு மூட்டி, பாய் விரித்து, செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ஒருநாள் அளவுநாடாவோடு நான் அவசரமாகக் குறுக்கே நடந்துபோனேன். அங்கே கிழங்கு அவித்துக்கொண்டிருந்த பெரியவர் கோபமாக நிமிர்ந்தார். "ஏத்தா, வாசல் அங்கன இருக்க, சொவத்துக்குள்ள பூந்து வாரியே!" நான் திரும்பிப் போய், செருப்பைக் கழற்றி, நிலை வழியாகக் குனிந்து உள்ளே வந்தேன். "வா தாயி, கெழங்கு திங்கிறியா?" என்றார். அண்ணன் தூரத்தில் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 

பிறகு சுவர்கள் எழுந்தன, ஓடு ஏறியது, அடுத்த ஐப்பசிக்குள் பால் காய்ச்சிக் குடியேறினார்கள். பேச்சியைத் தவிர.

பேச்சிக்கென்று கொண்டுபோன நிலை ஒரு பாறையில் சாய்ந்தபடியே கிடந்தது. இடம்கூடப் பார்த்துவிட்டாள். திசைதான் சொல்லவில்லை. நான் அவளுக்கு மூன்று படம் போட்டுக்கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொள்வாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஏம்மா, ஒரு வாசலுக்கு இம்புட்டு யோசனையா? எந்தப் பக்கந்தான் வேணும், சொல்லேன்" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னிடம் சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்.

"அவரு வர்ற பக்கமாப் பாத்து வைக்கணும்ணே. எந்தப் பக்கமா வருவாருன்னு தெரியலையே."

அண்ணன் அவள் தலையில் கை வைத்தார். "நீ சொல்லும்போது வைப்போம் ஆத்தா. அதுவரைக்கும் நான் வந்து வந்து கேட்டுட்டுப் போறேன்" என்றார். சொன்னபடி, மாதம் ஒருதரமாவது ஏறிப்போய்க் கேட்டுவிட்டு வந்தார். போகும்போதெல்லாம் அவளும் கொட்டகையிலிருந்து அவரோடு ஏறுவாள். இருவரும் அந்த வெற்றிடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கிவிடுவார்கள்.

அவள் வீட்டுக்கென்று மேலே ஏற்றிவைத்த சிமெண்ட் மழைக்காலத்து ஈரத்தில் மூட்டையோடு கல்லாகிப் போனது. நான் எழுமலைக்கே போய்ச் சண்டை போட்டேன். "தகரக் கொட்டகையப் பிரிக்கப் போறாங்கண்ணே. சித்திரைக்குள்ள மேல வீடு இல்லேன்னா, அவளுக்குக் கீழ எங்கயோ ஒரு மூலையில இடம் கொடுத்து இருந்துக்கன்னு சொல்லிருவாங்க. அப்புறம் ஆயுசுக்கும் அவ மலை ஏற முடியாது. அவ சொல்லாட்டி என்ன, நம்மளே ஒரு பக்கமா வச்சு முடிச்சிருவோம்" என்றேன். கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். என்மேல் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "சிமெண்டு போனா மறுபடி கேட்டு வாங்கிக்கிரலாம். அவ ஒருக்காத்தான் வைப்பா. வீடு கட்டப் போறவன் மொதல்ல கையக் கட்டிக்கிட்டு ஒக்காரணும் தாயி" என்றார். கல்லாகிப்போன மூட்டைகளைப் பாதையில் பதித்துப் படியாக்கிவிட்டார். இப்போதும் அதில் மிதித்துத்தான் மலை ஏறுகிறோம்.

அது பொங்கலுக்கு முந்தி. மாசியில் அவர் போய்விட்டார்.

மூங்கில்பாறைக்காரர்கள் மொத்தமாக இறங்கி வந்தார்கள். பேச்சியும் வந்தாள். யாரோடும் சேர்ந்து அழாமல் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். கொட்டு முழங்க, அவரை வெளியே எடுத்தார்கள். பெண்கள் நாங்கள் தெருமுனைவரை போய் நின்றோம். பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்தப் பக்கமாக்கா கொண்டுபோறாக?" என்று கேட்டாள். சுடுகாடு இருக்கும் திசையைக் காட்டினேன். கூட்டம் திரும்பி மறைந்து, கொட்டுச் சத்தமும் அடங்கி, தெருவில் புழுதி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினோம். அவள் நகரவில்லை. அப்புறம் வந்து, "அவரு போனத நான் பாக்கலக்கா. இவரு போறதப் பாத்துட்டேன்" என்றாள். அதுவரை அடக்கிவைத்திருந்த நான் அங்கேயே உடைந்து அழுதேன். அவள்தான் என்னைத் தாங்கிக்கொண்டாள்.

கருமாதி முடிந்த சில நாளில் மேலிருந்து ஆள் வந்தது. பேச்சி நிலை வைத்துவிட்டாளாம், என்னை வரச் சொன்னாளாம். கொட்டகையைப் பிரிக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவசர அவசரமாகச் சிமெண்டுக்குச் சொல்லிவைத்தேன். கொத்தனாரையும் பேசிவைத்துவிட்டு மூச்சிரைக்க ஏறினேன்.

அவள் இடத்தில் நிலை நின்றது. முட்டுக்கொடுத்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டியிருந்தாள். அது கிழக்கே பார்த்து நின்றது. வாஸ்து பார்த்து, நான் முதல் படத்திலேயே போட்டுக்கொடுத்திருந்த அதே கிழக்கு. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். நிலைக்குள் பார்த்தால் மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்குவது தெரிந்தது. அதற்கும் கீழே வெயிலில் மங்கலாக எழுமலை, அதைத் தாண்டி ஆகாயம் வரைக்கும் எங்கள் வறண்ட காடு.

"வெள்ளத்துல போனவரு எந்தப் பக்கமா வருவாருன்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேங்க்கா" என்றாள் பேச்சி. "அண்ணன் எந்தப் பக்கமா வருவாருன்னு எனக்குத் தெரியும்."

வழக்கம்போல வேலைக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். "நாளைக்கே கொத்தனார வரச்சொல்லிரவா? இன்னைக்கு நூல் புடிச்சு அளந்து வச்சிரலாம்" என்று பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தேன்.

"இன்னைக்கி வேணாங்க்கா. இன்னைக்கி ஒருநா வெறும் வாசலா இருக்கட்டும்."

அண்ணனிடமிருந்து உங்களுக்கெல்லாம் என்னென்னவோ கிடைத்திருக்கும். சிலர் வீட்டில் அவர் கொடுத்த கதவு இருக்கிறது. சிலருக்கு அவர் சொன்ன கனவுகள் நினைவிருக்கும். மூக்குக்கு மேல் கோபம் வைத்திருக்கிற எனக்கு அவர் விட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான், அதுவும் அவர் இருந்தவரைக்கும் நான் வாங்கிக்கொள்ளாத ஒன்று.

அளவுநாடாவைப் பைக்குள் போட்டேன். செருப்பைக் கழற்றினேன். பேச்சிக்குப் பக்கத்தில் போய், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.